உறவில்லாத கை

இதை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு நேர்ந்தது, தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்திலும் பழைய பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும் எங்கள் தீவைப் பற்றி உலவும் இரண்டு கதைகளால். அங்கே மருந்தகம் நடத்திய அருட்சகோதரி இரு தெருக்களுள் ஒன்றுக்குச் சாய்ந்துவிட்டார், அது வெளிப்பட்டதும் ஓடிப்போனார் என்பது ஒன்று. தீவார் தமக்குள் மோதிக்கொண்டு அவரை விரட்டிவிட்டனர் என்பது மற்றொன்று. அவர் சாயவும் இல்லை. அவரை எவரும் விரட்டவும் இல்லை. நடந்தது இவ்விரண்டைக் காட்டிலும் எளியது. அன்பு மிகுந்து நடந்தது. ஆகவேதான் கேட்போருக்கு அது கதையாகப் படுவதில்லை போலும். அருகிருந்து கண்டவர்களுள் எழுதும் பழக்கமுடையவன் நான். நான் வாளாவிருந்தால் பொய்யே நிலைபெற்றுவிடும்.

தீவு என்பது ஊரார் வாய்வழக்கு. உள்ளபடி அது தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களுக்கு அப்பால், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் நெடிய மணல்திட்டு. சாலை இல்லை. வத்தை என்னும் சிறு படகிலேயே போகவும் வரவும் வேண்டும். ஒரு கோயில், அதன் பக்கத்தில் கன்னியர் இல்லம், அதன் முன்னறையில் மருந்தகம், மூடப்பட்ட தொடக்கப்பள்ளி, வடக்குத் தெரு, தெற்குத் தெரு, இவ்வளவே ஊர். இரு தெருவாரும் ஒரே குலத்தவர், ஒரே மாதாவை வணங்குவோர். எனினும் தத்தம் தெருவுக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்தமையால் நாளடைவில் இரண்டு குடும்பங்களைப் போல ஆகிவிட்டனர்.

நான் நாசரேத்துப் பக்கத்தவன். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளி மூடப்பட்டபின் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்தறிவிக்க ஓர் ஆள் வேண்டுமென்று அருட்சகோதரி பொதுவான நண்பர் ஒருவர் வழியாகக் கேட்டிருந்தார். ஒரு மாதம் தங்கிப் பார்க்கலாமென்று போனவன் சில ஆண்டுகள் தங்கிவிட்டேன். பள்ளியின் பின்னறையில் உறக்கம். வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் உணவு. அவ்வீட்டு அம்மையார் நடுவயதினர், சொந்தமாக ஒரு கரைவலை உடையவர், தெருவே அஞ்சும் நாவினர். என் பேச்சைக் கேட்டு முதல் நாளே சொன்னார்: "வாத்தியாரய்யா, நீங்க பேசுதது பூசையில வாசிக்குத மாதிரியே இருக்கு. கொழம்பு வேணும்னா கொழம்புன்னு கேளுங்க. நீங்க சொல்லி முடிக்கதுக்குள்ள ஆறிப் போயிருது."

இனி அவ்வூரின் உயிர்நாடியான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதை அறியாதார்க்கு மற்றெதுவும் விளங்காது. கரைவலை என்பது வலையைக் கடலில் வளைத்து இறக்கி, அதன் இரு கயிறுகளையும் கரையில் நின்று பலர் இழுப்பது. தீவைச் சுற்றிக் கடலடியில் பார் எனப்படும் பாறைப் பரப்பு. முன்னொரு காலத்தில் முத்து விளைந்த பார்களின் நீட்சி என்பர். அதன்மேல் வலை பட்டால் கிழியும். கீழைக் கரையில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே அடியில் தூய மணல். அங்கே ஒரு நேரத்தில் ஒரு வலையே இறக்க முடியும். விடியலில் முதலில் இறங்கும் வலைக்கே மீன், பின்வருவனவற்றுக்கு மிச்சில். ஆகவே எந்த வலை முதலில் என்பதுதான் அங்கே சோறு யாருக்கு என்பது.

முறை வைத்து மாறி மாறி இறக்கினால் என்ன என்று நானும் தொடக்கத்தில் வினவினேன். செய்து பார்த்தார்களாம். கடல் கொந்தளித்த நாளில் ஒருவன் முறை தவறினால் அது போனதா, மறுநாளைக்கு உரியதா என்ற வழக்கில் துடுப்பால் அடித்து ஒருவர் முழங்கையை முறித்துவிட்டார்கள். அதன்பின் குலுக்கலே முடிவாயிற்று. ஒவ்வொரு வலைக்காரரும் தம் வலையின் ஈயக்குண்டு ஒன்றைத் தூக்குவாளியில் இடுவார். குண்டுகளில் அவரவர் அடையாளமாக வெட்டுக்கள் உண்டு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்த வரிசையே அன்றைய வரிசை.

இதில் இடர் என்னவென்றால், அவ்வெட்டுக்கள் விரலுக்கும் தெரியும். கண்ணை மூடினாலும் கை அறியும். ஆதலால் எடுக்கும் கை யாருடையது என்பதே எல்லாம். அக்கை ஊரில் எவருக்கும் உறவாயிருத்தல் ஆகாது. ஏதேனும் ஒரு வீட்டில் மட்டும் உண்டிருத்தலும் ஆகாது. முன்பு பக்கத்துக் கரையின் கலங்கரை விளக்கத்தில் பணியாற்றிய வெளியூர் அலுவலர் ஒருவர் எடுத்து வந்தாராம். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் சில காலம் அடியும் பிடியுமாகக் கழிந்தது. பின்னர் அருட்சகோதரி வந்தார்.

அவர் தருமபுரிப் பக்கத்து வானம்பார்த்த ஊரில் பிறந்தவர். தீவுக்கு வரும்வரை கடலைக் கண்டதில்லை. மருந்து கொடுக்கவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் வந்தவரிடம் ஊரார் முதலில் கேட்டது மருந்தை அன்று, "ஒங்களுக்கு இந்தக் கரையில சொந்தம் யாரும் உண்டா?" என்பதையே. இல்லை என்றார். மறுநாள் விடியலில் தூக்குவாளியைக் கொண்டுவந்து முன்னே வைத்துவிட்டனர். அன்றுமுதல் கோயில் மணியை அடித்துவிட்டுப் படியில் அமர்ந்து அவர் குண்டெடுப்பார். தமக்குத் தாமே சமைத்துக்கொள்வார். யாரேனும் சமைத்த மீனைக் கொண்டுவந்தால், "மற்ற தெருவிலிருந்தும் ஒரு கிண்ணம் வரட்டுங்க, ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடறேன்" என்று சிரித்தபடி திருப்பி அனுப்புவார். அவர் வேலையாகத் தூத்துக்குடி போன நாள்களில் கீழைக் கரையில் எவரும் வலை இறக்கியதில்லை. பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களேயன்றி, வேறு கையை நம்பமாட்டார்கள்.

அவருக்கு இடமாற்றம் என்ற செய்தி கைப்பேசி வழியாக வந்தது. நான் அப்போது மருந்தகத்தில் இருமலுக்கு மருந்து வாங்க நின்றிருந்தேன். மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே பேசினார். "சரிங்க மதர்", "ஆகட்டுங்க மதர்" என்பவற்றைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டு அதே அட்டையைத் தொடர்ந்து கத்தரித்தார்.

"துறைமுகத்துச் சாலையில நம்ம ஆஸ்பத்திரி இருக்குதுங்களே, அங்க போகச் சொல்றாங்க ஐயா. இந்த இல்லத்தை மூடறாங்க. மாசத்துக்கு ஒருதரம் படகுல டாக்டர் வருவாராம்."

"தங்களுக்கு விருப்பமில்லையெனில் தெரிவிக்கலாமே" என்றேன்.

"போறதுக்கு எனக்கு வருத்தம் இல்லைங்க. அங்க கூட்டம் தாங்கலைன்னு எனக்கே தெரியும். பிரசவ வார்டுல ஆளே இல்லை." கத்தரியைக் கீழே வைத்தார். "வாளியை யார் கையில கொடுத்துட்டுப் போறதுங்க? அதை மட்டும் யாராச்சும் சொன்னா, நான் நாளைக்கே கிளம்பிடுவேன்."

அவர் கவலை அது ஒன்றே. புறப்படுமுன் இரு தெருவும் ஒப்பும் ஒரு கையைக் கண்டுபிடித்து, அதனிடம் வாளியை ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு மாலை கோயில் முன்றிலில் ஊர் கூடியது. தெற்குத் தெருவின் பெரியவர் முதலில் எழுந்தார். அவர் அகன்ற தோளினர்; பேசுமுன் செருமும் பழக்கமுடையவர்.

"காலம் மாறிப் போச்சு. செல்போன்லயே போடலாம்லா? என் மருமவன் சொல்லுதான், பேரையெல்லாம் போட்டு அமுக்குனா அதுவே ஒண்ண எடுத்துக் குடுக்குமாம்."

"போன் யாருது அண்ணாச்சி?" என்றார் வடக்குத் தெருவில் நான் உண்ணும் வீட்டு அம்மையார்.

"மருமவனுதுதான்."

"அப்ப மருமவன் வலைதான் மொதல்ல வரும். அதுக்கு ரீசார்ஜ் பண்ணுதது நானா?"

சிரிப்பொலி எழுந்தது. யாரோ, "ஏலே, ஒரு ஆட்ட வச்சு எடுப்போம்" என்றார். "எந்தத் தெரு ஆடு?" என்று மறுபுறத்திலிருந்து கேள்வி வந்தது. சீட்டெழுதிப் போடலாமென்றால், எழுதுபவன் மடிப்பில் குறி வைப்பான் என்றார்கள். மாதமொருமுறை பூசைக்கு வரும் பங்குச் சாமியார் எடுக்கலாமா என்றால், அவர் நாள்தோறும் வர இயலாது; மேலும் அவருடைய தாயார் தெற்குத் தெருவிற் பிறந்தவர்.

"வாத்தியாரய்யா எடுக்கட்டுமே" என்று ஒரு குரல் கேட்டது.

"அவிய எங்க வீட்டுலல்லா சாப்பிடுதாவ" என்று அம்மையாரே முந்திக்கொண்டார்.

"அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் தெற்குப் பெரியவர். "ஐயா மேல குத்தமில்ல. ஆனா ஒங்க வீட்டு நண்டுக் கொழம்பு வாசம் அந்த விரலுல இருக்கும்லா."

இறுதியில் முடிவானது, மேலிடத்தையே போய்க் கெஞ்சுவது. தெற்குப் பெரியவரும் என் வீட்டு அம்மையாரும் ஒரே வத்தையில் ஏறினர். பேசுவதற்கு நான் துணை. தூத்துக்குடி மருத்துவமனையில் தலைமைச் சகோதரி எங்களை அன்போடு வரவேற்றுத் தேநீர் தந்தார். நான் குலுக்கல் வழக்கத்தை விரிவாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சன்னலுக்கு வெளியே மருத்துவமனை முற்றம் முழுதும் மக்கள். படிகளிலும் தரையிலும் கருவுற்ற பெண்கள் அமர்ந்திருந்தனர். "நீங்களே பாருங்கய்யா. இவங்களை யாரு பாப்பா? சீட்டு எடுக்க ஒருத்தர் கிடைக்காமலா போயிருவாங்க?" என்றார். அவர் சொன்னதில் தவறொன்றுமில்லை. அவர் கண்முன் இருந்த துன்பம் பெரிது. நாங்கள் கொண்டுபோனதோ சொல்லில் அடங்காதது. தெற்குப் பெரியவர் மீண்டும் மீண்டும், "சிஸ்டர் இல்லாம எங்களுக்கு முடியாது மதர்" என்றார். அம்மையார் வாய் திறக்கவேயில்லை. அவர் பேசாதிருந்ததை நான் கண்டது அன்றுதான்.

திரும்பும் வழியில் படகுத்துறைத் தேநீர்க் கடையில் பெரியவருக்கு அறிமுகமான ஒருவர் எதிர்ப்பட்டார். ஏதோ பள்ளி அலுவலகத்தில் எழுத்தராம். நடந்ததைக் கேட்டுவிட்டு, "குடும்பம் உள்ளூருல இருந்தா மாத்த மாட்டாவ அண்ணாச்சி. எங்க டீச்சர் ஒருத்திய மாத்துனாங்க. வீட்டுக்காரர் இங்கனதான் வேல பாக்காருன்னு மனுக் குடுத்தா. நிப்பாட்டிட்டாங்க. சொந்தபந்தம் இல்லாதவங்களத்தான் பந்து மாதிரி அடிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போனார். வத்தையில் பெரியவர் நீரையே நோக்கியிருந்தார். மனமுடைந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவர் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் வரும் நாள். தெற்குத் தெருவில் ஓர் இளம் இணையருக்குப் பிறந்த பெண்குழந்தைக்குத் திருமுழுக்கு. அக்குழந்தையை உலகுக்குக் கொணர்ந்தவரும் அருட்சகோதரியே. திருமுழுக்கில் குழந்தையை ஏந்துபவளுக்கு அக்கரையில் கும்மாதிரி என்று பெயர். ஏந்திய கணம் முதல் அவள் அவ்வீட்டாருக்கு உடன்பிறந்தாளினும் நெருங்கிய உறவு. சாவிலும் வாழ்விலும் அவளுக்கு முதலிடம். பெற்றவளுடைய தமக்கை கும்மாதிரியாக நிற்பாளென்று முடிவாகியிருந்தது.

நான் கோயில் வாயிலில் நின்றிருந்தேன். அங்கே எனக்கு உரிய இடம் அதுதான். நீர்த்தொட்டியருகே எல்லாரும் கூடியபோது தமக்கையைக் காணோம். "அவளுக்குத் திடீர்னு காய்ச்சல் சாமி" என்றார் பெரியவர். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழியில் நீர் வடிந்தால் அவர் படகு தரை தட்டும். "அப்ப வேற யாராவது வாங்க" என்றார். தெற்குத் தெருப் பெண்கள் ஒருவரும் அசையவில்லை. முன்னரே சொல்லி வைக்கப்பட்டிருந்தனர் என்பது பின்னர்தான் தெரிந்தது. இளந்தாய் நேரே திரும்பி, பாடகர் வரிசையில் நின்ற அருட்சகோதரியிடம் குழந்தையை நீட்டினாள்.

"சிஸ்டர், நீங்கதான் எடுத்தீங்க. நீங்களே பிடிங்க."

அவர் ஓரடி பின்வாங்கினார். "நான் கூடாதும்மா, வேண்டாம்" என்றது எனக்கும் கேட்டது. குழந்தை வீறிட்டது. தாய் கையை மடக்கவில்லை. சாமியார், "சட்டத்துல தடையில்ல சிஸ்டர், சீக்கிரம்" என்றார். தம் தாய் பிறந்த ஊரின் வழக்கை அவர் அறியாதவர் அல்லர். நேரத்தை எண்ணினாரேயன்றி வேறெதையும் எண்ணியிருக்கமாட்டார். நீட்டிய கைகளில் குழந்தை நழுவுவது போலிருந்தது. அருட்சகோதரி ஏந்திக்கொண்டார். நீர் ஊற்றப்பட்டது. வடக்குத் தெருவார் அமர்ந்திருந்த பக்கத்தில் ஒரு சலசலப்பும் இல்லை. 

வெளியே வந்ததும் தெற்குத் தெருவில் வெடி வெடித்தார்கள். பெரியவர் என்னிடம் ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண்களில் நீர்.

"வாத்தியாரய்யா, முடிச்சாச்சு! சிஸ்டர் இப்ப நம்ம ஊருக்குச் சொந்தம். கும்மாதிரி! மதருக்கு நீங்க நல்லா வாசகமா ஒரு மனு எழுதிக் குடுங்க. குடும்பம் இங்கன இருக்குன்னு. இனி எப்படி மாத்துவாவ?"

 "ஐயா, அவர் எவருக்கும் உறவில்லை என்பதற்காகத்தானே நீங்கள் அவரை வேண்டினீர்கள்?" என்று கேட்டேன். பற்றியிருந்த என் கையை அவர் விட்டார்; முகம் சாம்பியது. அது அவருக்குத் தோன்றாமலே போயிருந்தது. அவருக்கு மட்டுமா? தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படியேனும் அவரைக் கரையில் நிறுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணம் அவர்கள் மனத்தை முழுதும் நிறைத்திருந்தது. வஞ்சகம் என்று வடக்குத் தெருவில் இன்றும் சொல்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. வஞ்சகனாயிருந்தால் அக்கேள்விக்கு அவர் முகம் அப்படிச் சாம்பியிராது.

அன்று மாலையே மனு எழுதினேன். பயனில்லை என்று அறிந்தே எழுதினேன். பெரியவர் அதைத் தொலைபேசியில் படித்துக்காட்ட, தலைமைச் சகோதரி சிரித்துவிட்டாராம், பின்பு இரங்கினாராம். கன்னியர்க்கு உலகமே குடும்பம். ஒரு குழந்தையின் பொருட்டு நிறுத்த இயலாது என்றாராம். செவ்வாய்க்கிழமை புறப்பட வேண்டும் என்பது மாறவில்லை.

மறுநாள் திங்கள் விடியலில் வழக்கம்போல் மணி அடித்தது. அருட்சகோதரி படியில் வந்து அமர்ந்தார். தூக்குவாளி மடியில் இருந்தது. தெற்குத் தெருவார் ஒவ்வொருவராக வந்து குண்டுகளை இட்டனர்; வாளியின் அடியில் அவை விழும் ஓசை ஒவ்வொன்றும் கேட்டது. வடக்குத் தெருவார் வந்து நின்றனர். குண்டுகள் அவர்கள் கைகளில் இருந்தன. எவரும் முன்னே வரவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டே வந்தது. கரையோரம் சாளைமீன் கூட்டம் துள்ளுவதை எல்லாரும் கண்டனர்.

அருட்சகோதரி வாளியை ஏந்தியபடி காத்திருந்தார். கடைசியில் என் வீட்டு அம்மையார் அருகில் சென்று, படிக்குக் கீழே மணலில் குந்தினார்.

"சிஸ்டர், ஒங்க கை பொய் சொல்லாது. எம் பிள்ள மேல சத்தியம், எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு மொத வலை தெக்குக்குப் போச்சுன்னா எங்க தெருப் பயலுவ வாய என்னால பொத்த முடியாது. வடக்குக்கு வந்தாலும், சொந்தத்த மறைக்கத்தான் குடுத்தாவன்னு சொல்லுவானுவ."

"தெரியுங்க அக்கா" என்றார் அவர். "நானா இருந்தாலும் போடமாட்டேன்."

தெற்குப் பெரியவர் செருமினார். மறுபடியும் செருமி, "ஒங்களப் போவ விடக் கூடாதுன்னுதான சிஸ்டர் செஞ்சோம்" என்றார். அருட்சகோதரி வாளிக்குள் கைவிட்டுத் தெற்குத் தெருக் குண்டுகளை எடுத்து, உரியவர்களிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். கண் மூடவில்லை. அன்று வலை இறங்கவில்லை. மீன் கரையோரம் வந்து, தன் போக்கில் போயிற்று.

அன்று நண்பகல் அவர் சாமியாருக்குத் தொலைபேசியில் ஏதோ கேட்டார். திருமுழுக்கை மாற்ற இயலுமா, வேறொருவரைக் கும்மாதிரியாக எழுத இயலுமா என்று கேட்டிருக்கிறார். எழுதுவதை மாற்றினாலும் ஏந்தியது ஏந்தியதுதானே. ஊர் கண்ணாற் கண்டதை எந்த எழுத்து மாற்றும்?

மறுநாள் அவர் புறப்பட்டார். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பையும். மருந்துகளைப் பொதிந்து படகுக்காரரிடம் முன்னரே கொடுத்திருந்தார். நான் போனபோது இளந்தாய் ஒரு தட்டில் சோறும் சீலாமீன் குழம்பும் கொண்டுவந்து வாயிற்படியில் நின்றிருந்தாள். "இப்ப என்ன கும்மாதிரி, எங்க வீட்டுச் சோறு சாப்பிட்டா என்ன? இனிமே யாரு என்ன சொல்ல?" என்றாள். அவள் அறியாமல்தான் சொன்னாள். அருட்சகோதரி தட்டை வாங்கித் தரையில் அமர்ந்து உண்டார். இத்தனை ஆண்டுகளில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வந்த உணவை அவர் உண்டது அன்றே. சோறு முழுதும் உண்டார். முள்ளை ஒதுக்கத் தெரியாதவர் போல மிக மெல்ல உண்டார். நான் வேறுபக்கம் திரும்பி நின்றேன்.

கரையில் இரண்டு வத்தைகள் ஆயத்தமாக நின்றன. வடக்கினது ஒன்று, தெற்கினது ஒன்று. முன்பெல்லாம் அவர் எதில் ஏறினாலும் மற்றது துணையாக வரும். போகும்போது ஒன்றில், திரும்பும்போது மற்றொன்றில். அன்று இரண்டும் அவரையே எதிர்நோக்கி நின்றன. எதில் ஏறினாலும் அது ஒரு சொல்லாகிவிடும். "நான் என்ன செய்யட்டுங்க ஐயா?" என்று என்னைக் கேட்டார்.  நண்டு வாங்க வந்த வெளியூர் வணிகரின் படகு ஒன்று சற்றுத் தொலைவில் வெள்ளை நுரைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலளவு நீரில் நடந்துபோய் அதில் ஏறினார். நண்டுப் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தார். இரு தெருவாரும் கரையிலேயே நின்றனர். அழுதவர்கள் இரு பக்கமும் இருந்தனர். அவர்கள் சேர்ந்து அழவில்லை.

அதற்கு மறுநாள் விடியலில் மணி அடிக்க ஆளில்லை. இரு தெருவாரும் ஒரே நேரத்தில் வலைகளை இறக்கினர். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னின. இழுக்க இழுக்க முறுகின. பின்பு கத்தியை எடுத்தனர். வெட்டுண்டது வலை மட்டுமே, ஆள் இல்லை என்பதொன்றே ஆறுதல். என் வீட்டு அம்மையாரின் வலை, மீன் சேரும் நடுமடியில் அறுந்தது. தெற்குத் தெருவில் ஆள் மிகுதி. ஆகவே கீழைக் கரை இப்போது அவர்களுடையது. வடக்குத் தெரு இளைஞர் விசைப்படகுகளில் கூலிக்குப் போகின்றனர். சிலர் உப்பளத்துக்குப் போகின்றனர். தெற்குப் பெரியவர் இந்த வெற்றியைக் கொண்டாடவில்லை. விடியலில் அவர் கரைக்கே வருவதில்லை.

சில மாதங்கள் சென்றபின் அருட்சகோதரியைக் காணத் தூத்துக்குடி சென்றேன். துறைமுகத்துச் சாலையில் சரக்குப் பெட்டக ஊர்திகள் இடையறாது ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைப்பேற்றுப் பிரிவின் வாயிலில் ஒரு பொறி வரிசை எண்ணை அச்சிட்டுத் தந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஐயுறவில்லை. அவர் மெலிந்திருந்தார். ஓட்டமும் நடையுமாகவே பேசினார். ஒருவர் அழைத்தால் இன்னொருவர் இழுத்தார். அங்கே அவர் தேவைப்பட்டார் என்பதை எவரும் மறுக்க முடியாது.

"அக்கா வலையைத் தைச்சுட்டாங்களாங்க?" என்று கேட்டார்.

"தைத்தார். ஆனால் இறக்கவில்லை."

"நான் வந்து பேசினா?" என்றார். பின் தாமே தலையசைத்துக்கொண்டார். "நான் எப்படிங்க பேசறது? தெக்குத் தெரு ஆளாச்சே நான்."

அப்போதே காத்திருந்த கூட்டத்தில் இருந்து அந்த இளந்தாய் கையசைத்தாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருந்தாள். எதிர்ப்பக்கத்து இருக்கையில் என் வீட்டு அம்மையார். அவருடைய மருமகளுக்கு நாள் நெருங்கியிருந்தது. இருவரும் ஒரே விடியலில், வெவ்வேறு வத்தைகளில் வந்திருக்கின்றனர். ஒருவரையொருவர் காணாதது போல் இருந்தனர். குழந்தை அருட்சகோதரியைக் கண்டு இரு கைகளையும் நீட்டியது. அவர் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகே எதிர்ப்பக்கம் நோக்கினார். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல் மூடிக்கொண்டார். குழந்தையை இறக்கவும் முடியாமல், அம்மையாரிடம் போகவும் முடியாமல் அவர் நடுக்கூடத்தில் நின்றார். உள்ளிருந்து யாரோ, "சிஸ்டர், தலை தெரியுது, வாங்க!" என்று கத்தினார். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். நான் மாலை வரை இருந்தேன். அவர் வெளியே வரவில்லை. பிறகு படகுத்துறைக்குப் பேருந்து ஏறினேன்.

இவ்வளவே நான் அறிந்தது. தெற்குத் தெருவில் அந்த வாரம் நடந்த பேச்சுக்களில் நான் உடனிருக்கவில்லை. தமக்கையின் காய்ச்சல் பொய்யென்பதும், பெண்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள் என்பதும் பிறர் வாயிலாகக் கேட்டவை. காய்ச்சல் மெய்யாகவே இருந்திருக்கலாம். கோயிலில் சாமியார் சொன்ன சொற்களை வாயிலில் நின்றே கேட்டேன். சொல் முன்பின் ஆகியிருக்கக்கூடும். எந்தத் தெருவின் கத்தி முதலில் கயிற்றில் பட்டது என்பதை நான் எழுதாமல் விட்டது, எனக்குத் தெரியாமையால்தான். அன்று கரையில் நின்றவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எந்தத் தெருவினராயினும், பிழைபட்ட இடத்தைச் சுட்டித் திருத்தித் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். திருத்தம் எனக்கு மாறாக இருப்பினும் அப்படியே ஏற்று எழுதிவைப்பேன்.